நிரூபணம் நின்றுபோன வரி

மூக்கண்டப்பள்ளியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் நான் இருந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவின் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் அட்டைகள் அடுக்கியிருக்கும். பிரித்த பார்சல் பெட்டிகள். உட்புறமெல்லாம் பென்சிலில் கணக்கு. ஒற்றை அறை வீடு. அவள் கணவருக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். தாள் புரளும் சத்தத்துக்குக்கூட அவர் விழித்துக்கொள்வார் என்பதால் அட்டையில் எழுதினாள். பகலில் மிக்சி போட மாட்டாள். என்னிடம் பேசுவதும் கிசுகிசுப்பாகத்தான்.

கணிதத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தவள், கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்தாள். ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் கடைசி அவகாசம் தந்திருந்தது. நான் நட்டு, போல்ட் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து, "அப்படி என்னதான்க்கா எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"நீ பாக்கிற நட்டுக்கு ஆறு பக்கம். அது மாறாம இருக்கிற திருப்பம் ஆறுதான், எண்ணிரலாம். அந்தத் திருப்பங்களோட கூட்டத்துக்குப் பேரு முடிவுறு குலம். வாஷர் வட்டம். எவ்வளவு திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும், எண்ணி முடியாது. அந்தக் கூட்டம் காம்பாக்ட் லீ குலம். திருப்பத்தோட சேத்து வடிவத்தைப் படிக்கிறதுதான் என் வேலை. ரெண்டுக்கும் ஒரே நிரூபணம் எழுதியிருக்கேன்."

ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தபோது என் வாசலில் வந்து நின்றாள்.

"நட்டுல ஒரு புள்ளியத் திருப்பினா ஆறு தனிப் புள்ளி கிடைக்கும். வாஷர்ல திருப்பினா அந்தத் தடமே ஒரு வளையம். வளையத்துல எங்க நின்னாலும் போறதுக்கு ஒரு திசை இருக்கு. அதையும் கணக்குல சேக்கணும். நான் விட்டுட்டேன்டி."

அந்தத் திசையைச் சேர்த்தால் நிரூபணத்தின் அடுத்த வரி நிற்கவில்லை. ஆய்வேட்டில் பாதி அந்த வரியை நம்பித்தான் இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் போனில் சொன்னது எனக்கும் கேட்டது: "யாரும் அந்தப் பக்கத்தைப் பாக்கப் போறதில்லம்மா. குடுத்துட்டுப் போ." கணவரும் கெட்டவரல்ல. "எப்படியாவது முடிச்சிரு. நாம மூச்சு விடலாம்" என்றார். நான்கு நாள் அந்த அறைக்குள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் வட்டம் பற்றிய பாதியை எடுத்துவிட்டு, முடிவுறு குலங்களுக்கு மட்டும் என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தாள். பேராசிரியர் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு போனில். வீட்டில் கணவர் தூங்கியதால் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்தாள். வெயிலுக்கு நான் குடை பிடித்தேன். "வட்டத்துக்கு ஏன் செய்யலை?" என்று தேர்வாளர் கேட்டார்.

"செஞ்சேன் சார். தப்பாயிருச்சு. எங்க தப்புன்னு சொல்லட்டுமா?"

அதையேதான் வெகுநேரம் பேசினாள், முழுக் குரலில். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பட்டம் வந்தது. வேலை வரவில்லை; சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் கேட்டு அலுத்துப்போனாள். நான் கல்யாணமாகிக் குந்தாரப்பள்ளி வந்துவிட்டேன். சென்ற மாதம் பார்க்கப் போனபோது, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். விரல் நுனியில் பென்சில் கரி.

"எடுத்துப் போட்ட பாதியா அக்கா?"

"விட முடியலடி. ஒரு இடத்துல மட்டும்..."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சொல்ல வந்ததை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.