புயல் வண்டிக்குப் பாடி கட்டிய நாட்கள்

போன மாதம் திருமயத்தில் ஒரு காதணி விழா. பந்தியில் உட்கார்ந்து சாம்பாரைத் தொட்டிருப்போம், அத்தனை பேரின் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனைச் செய்தியாம். பயப்பட வேண்டியதில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. அதைப் படிப்பதற்குள் பாதிப் பந்தி பயந்து எழுந்துவிட்டது. பக்கத்து இலைக்கார அம்மா, "என்னாங்க சொல்லுது, வெள்ளம் வருதா?" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "சும்மா சோதிச்சுப் பாக்குறாங்களாம்" என்றேன். "யாரு? எங்கிட்டு உக்காந்து பாக்குறாங்க?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும், அப்படி உட்கார்ந்து பார்ப்பதற்கான இடத்தை ஒருகாலத்தில் வரைந்து கொடுத்தவள் நான்.

ரசம் வந்தது. என் மூக்கில் ஏறியதோ ரெக்ஸின் ஒட்டுகிற பசையின் நெடி.

புதுக்கோட்டைக்கு வெளியே, பேருந்துக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் எனக்கு முதல் வேலை. டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான், அதனால் எனக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். அதற்குத் தகுந்த அறிவு இருந்ததா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் பள்ளிக்கூட வேன்கள்தான் வரும். முதலாளி தங்கவேலு அண்ணனுக்குத் தெரிந்த ஒரே வடிவமைப்புக் கொள்கை, "இன்னொரு சீட்டு போட முடியுமா பாரு."

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அந்த அரசாங்க ஆர்டர் வந்தது. புயல், வெள்ளம் என்றால் கடற்கரைக்கே போய் நின்று எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைக்கிற கட்டளை வண்டி ஒன்று வேண்டும். பட்டறையில் யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. ஆர்டர் கொடுத்தவர்களும் கண்டதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பாடி இல்லாமல் சக்கரமும் எஞ்சினுமாக வந்து நின்ற சேஸிஸைத் தங்கவேலு அண்ணன் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமில்லத்தா. ஒரு ஆபீஸைத் தூக்கி பஸ்ஸுக்குள்ள வையி. அம்புட்டுத்தேன்."

எந்த ஆபீஸை? அதுதான் குழப்பம். ஒருநாள் வந்த அதிகாரி நடுவில் நீளமான மேசை கேட்டார். மறுவாரம் வந்தவர் மேசையைப் பார்த்துவிட்டு, படுக்க இடமில்லையே என்றார். இன்னொருவருக்குக் கைகழுவும் தொட்டி. ஒருவர் வந்து யார் யாருக்கு எதிரே உட்காருவது என்பதைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசினார். எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் பெரிய அதிகாரிக்கு யாராவது முதுகைக் காட்ட வேண்டிவரும், அது ஆகாது. நான் அழித்து அழித்து வரைந்தேன். வீட்டுக்குப் போனால் சோற்றுத் தட்டிலும் நாற்காலிகள் நகர்ந்தன.

கடைசியாக ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். வயர்லெஸ் இரைச்சல் கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. ஆகவே பின்பக்கம் ஒரு கேபின். நடுவில் பிளைவுட், தெர்மகோல், அதன்மேல் மெத்துமெத்தென்று ரெக்ஸின். அந்தத் தடுப்பில் சின்னக் கதவு ஒன்று, பின்னால் இறங்க இன்னொன்று. கேபினுக்கு ஏசி எட்டவில்லை என்பதால், மிச்சம் கிடந்த பேருந்துச் சன்னல் ஒன்றை அண்ணன் அங்கே பொருத்திவிட்டார். கூரையில் உயரமான கம்பம்.

வண்டியை முறையாக ஒப்படைப்பதற்கு முன்பே புயல் வந்துவிட்டது. எந்த சுவிட்ச் எதற்கு என்று எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணனும் நானும் வண்டியோடு மீமிசல் கடற்கரைக்குப் போனோம்.

காற்று அடங்கிய காலை. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கைபேசிக் கோபுரம் செத்துப்போயிருந்தது. மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. ஜெனரேட்டர் சத்தம் கேட்டதுமே ஆளாளுக்குச் சார்ஜரோடு வந்துவிட்டார்கள். உள்ளே மேசையைச் சுற்றி அதிகாரிகள். கேபினில் வயர்லெஸ் பார்க்கிற ஏட்டு ஒருவர். அவருக்குத் துணையாக நான்.

சன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். பெயர் ராக்கு. அவள் புருசன் காளிமுத்து போன முத்துமாரி என்ற படகு திரும்பவில்லை.

"ஏத்தா, இதுல கடலுக்குப் பேச முடியுமா?"

வயர் போகிற வழியை வரைந்தவள் நான். ஆனால் அது யாரோடு பேசும் என்று எனக்குத் தெரியாது. ஏட்டைப் பார்த்தேன். "கடலுக்கெல்லாம் பேசாதும்மா. புதுக்கோட்டைக்கும் மத்த கரைக்கும் பேசும்" என்றார்.

"அப்பறம் எதுக்கு இம்புட்டு ஒசரத்துல கம்பி?"

ஏட்டு வயர்லெஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சன்னலை விட்டு நகரவில்லை.

மதியத்துக்குச் சற்று முன் வயர்லெஸ் கரகரத்தது. பக்கத்துக் கரையான ஜெகதாப்பட்டினத்தில் ஒரு படகு கரை சேர்ந்திருக்கிறது, ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "படகு பேரு? முத்து... முத்து என்னாங்க? முத்துமாரியா? திருப்பிச் சொல்லுங்க..."

முத்துமாரி, காளிமுத்துவின் படகு. நான் சன்னலைத் திரும்பிப் பார்த்தேன். ராக்கு இல்லை. ஏட்டு சொன்ன பேர் காதில் விழுந்ததுமே ஏலக் கொட்டகையைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அவளை ஏற்றிக்கொண்டது மட்டும் தெரிந்தது.

இரைச்சலுக்கு நடுவே பதில் வந்தது. "முத்துமாரி இல்லைங்க. முத்துராணி."

ஏட்டு சேதியைச் சொல்லக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. அந்தப் பக்கம் பெரிய அதிகாரியின் நாற்காலி கதவை ஒட்டிக் கிடந்தது. தட்டினார், கூப்பிட்டார். நாங்கள் ஒட்டிய ரெக்ஸின் அத்தனையையும் விழுங்கியது. கடைசியில் பின்வழியாக இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். கட்டளை மேசைக்குச் சேதி போய்ச் சேரும்போது ராக்கு பாதி தூரம் போயிருப்பாள், தப்பான பெயரை நெஞ்சில் வைத்துக்கொண்டு.

அண்ணனிடம் சொன்னேன். "பின்னாலயே போயிச் சொல்லிருவமா?"

"என்னன்னு சொல்லுவ?"

"ஒங்க படகு இல்லைன்னு..."

"அதைச் சொல்றதுக்கா அம்புட்டுத் தூரம் போகணும்?" என்றார். பிறகு அவரே, "போகணுமோ?" என்றார். சாவியை எடுத்தார், திரும்பப் பையில் போட்டார். வண்டியை நகர்த்த யாரும் விடமாட்டார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. யாரோ தேநீர் கொடுத்தார்கள். குடித்தேனா, கீழே வைத்தேனா, நினைவில்லை. ஜெகதாப்பட்டினக் கரையில் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதை மட்டும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பொழுது சாயும்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. ராக்கு இறங்கினாள். பின்னாலேயே, யாருடையதோ தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள். காளிமுத்து! முத்துமாரி கடலிலேயே உடைந்துவிட்டதாம். தத்தளித்துக் கிடந்தவர்களை முத்துராணிக்காரர்கள்தான் அள்ளிப்போட்டுக்கொண்டு கரை சேர்த்திருக்கிறார்கள்.

ராக்கு சன்னலுக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்க சொன்னது சரியாப் போச்சுத்தா. நல்ல வண்டி இது."

நாங்கள் சொன்னது தப்பு. எங்கள் சரியான சேதி மட்டும் முதலில் காதில் விழுந்திருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள். அந்தச் சன்னலடியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இதை அவளிடம் சொல்வதா என்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்றேன்.

அதற்குப் பிறகு இன்னொரு வண்டிக்குப் பேச்சு வந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை அந்தச் சன்னலு வேணுமா வேணாமாத்தா?" நிசமாகவே தெரியாமல்தான் கேட்டார். நானும் நிசமாகவே தெரியாமல் நின்றேன். சன்னல் இருந்ததால் தப்பான சேதி வெளியே போனது; தப்பான சேதி போனதால் ஒரு பெண் தன் புருசனைப் போய்க் கூட்டிவந்தாள். இதை எப்படி வரைவது? கதவை நகர்த்தினேன். சன்னலை மட்டும், இன்னும் முடிவாகாதது என்று, புள்ளிக்கோட்டில் போட்டுவைத்தேன். அந்த வேலை வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விட்டது.

இப்போது நான் திருச்சியில் வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். வரைந்த படம் மெயிலில் போகிறது. வண்டியை நான் பார்ப்பதே இல்லை. தங்கவேலு அண்ணன் பட்டறையை விற்றுவிட்டு மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். ராக்குவைப் பற்றிப் பிறகு ஒருமுறை விசாரித்தேன். காளிமுத்து கடலை விட்டுவிட்டாராம், குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள்.

காதணி விழா முடிந்து திரும்பும் வழியில் பட்டறை இருந்த இடத்தில் இறங்கினேன். கண்ணாடிச் சுவரோடு கார் விற்கிற கடை ஒன்று நின்றது. எங்கள் கேட் எந்தப் பக்கம் இருந்தது, நான் உட்கார்ந்து வரைந்த அறை எங்கே இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. கிழக்கு எது என்றே தேட வேண்டியிருந்தது. காவலுக்கு நின்றவரிடம், "இங்க ஒரு பாடி கட்டுற பட்டறை இருந்துச்சுல்ல, எங்கிட்டுங்க அது?" என்று கேட்டேன்.

"தெரியலைங்களே, நான் புதுசு" என்றவர், கதவை மரியாதையாகத் திறந்து பிடித்தார். "உள்ள வாங்க. எந்த வண்டி பாக்குறீங்க?"