பூசணிக்காயும் அசல் பத்திரமும்

கடன் முழுவதும் அடைந்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள், அடமானமாக வாங்கிய அசல் பத்திரங்களைக் கடன் வாங்கியவரிடம் வங்கி திருப்பித் தர வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஐயாயிரம் ரூபாய் இழப்பீடு. இது என் ஆசை அல்ல. வங்கிகளுக்கெல்லாம் மேலே இருக்கும் வங்கி போட்ட விதி. அதை அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போட்டு, கிளைக்கு எடுத்துப்போனேன். மேலாளர் பொறுமையாகப் படித்தார்.

“நல்ல சர்க்குலருங்க சார். எங்கீங்க கெடச்சுது?” என்றார்.

நான் முப்பத்துநான்கு வருடம் கருவூலத்தில் இருந்தவன். ஒரு கையொப்பம் கோட்டுக்கு வெளியே போனதற்காகப் பில்லைத் திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்ட நான், மகனின் தொழிலுக்காக வீட்டை அடமானம் வைத்தபோது ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படித்தேன். ஒரு நிபந்தனைகூட எனக்குச் சாதகமாக இல்லை என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டேன். அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போடுகிறவர்களைவிட நான் எந்த வகையில் மேல் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மகன் முதலிபாளையத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்தான். பதினாறு மெஷின். வெட்டிய துணியைக் கொடுத்தவர்கள் தைத்த சரக்கை உடனே எடுத்துக்கொண்டார்கள். கூலி மட்டும் அடுத்த மாதம். நூல் விலை ஏறிய வருடத்தில், அடுத்த மாதம் என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல் போனது. மெஷின்களை விற்ற பணம் தையல்காரர்களின் சம்பளப் பாக்கிக்குச் சரியாக இருந்தது. அவன் இன்னொருவர் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தான். வீட்டின் மேல் பதினோரு லட்சம் நின்றது. ஏழு வருடத் தவணை.

மெஷின்கள் போன அன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்தும் என் மனைவி பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே வந்து நாற்பது வருடம் ஆகிறது. அவள் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை.

“இனி இந்த வீட்டுல புதுசா ஒரு கடனும் கெடையாது. தவணைக்கு மேல எது மிஞ்சுனாலும் அசலுக்குப் போகணும். கிறிஸ்மஸுக்குத் துணி வேண்டாம். திருப்பூர்ல இருந்துக்கிட்டு துணி இல்லாம யாரும் செத்ததில்ல.”

“அப்போ தசமபாகத்தையும் நிறுத்தி வைப்போம்” என்றேன். “கடன் முடிஞ்சதும் மொத்தமா குடுத்துரலாம். வட்டி மிச்சம்.”

“கர்த்தர் நோட்டீஸ் அனுப்ப மாட்டாருங்கிற தைரியத்துல பேசுதிய.”

அரசாங்கத்தில் எனக்கு இப்படியொரு மேலதிகாரி வாய்த்ததில்லை. பென்ஷனில் பத்தில் ஒரு பங்கு முதலில் காணிக்கை உறைக்குள் போனது. மிச்சத்தில்தான் கடனும் சோறும். ஸ்கூட்டரை விற்றோம். ஞாயிற்றுக்கிழமைக் கறி, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கறியாகச் சுருங்கியது. ஒவ்வொரு மாதமும் கிளைக்குப் போய், மிஞ்சியதை அசலில் வரவு வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தேன்.

இரண்டாம் வருடம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் காணிக்கையாக வரும் சேவல், வாழைத்தார், காய்கறி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் நாலாயிரத்துக்குப் போகும். விலை பழத்துக்கு அல்ல, கேட்ட வாய்க்கு. பணத்தைக் கிறிஸ்மஸுக்குள் கட்டினால் போதும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன். ஏலம் விட்ட சபைச் செயலர் மைக்கில் என்னைப் பிடித்தார்.

“பென்ஷன்கார ஐயா இந்த வருசம் வேடிக்க பாக்க மட்டும் வந்திருக்காக போல. ஐயாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா!”

வளாகம் சிரித்தது. பூசணிக்காய் ஒன்று இரண்டாயிரத்தில் நின்றுகொண்டிருந்தது. “ஆறாயிரம்” என்றது ஒரு குரல். அது என்னுடையது என்பது மூன்றாம் தரம் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பூசணியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில் மனைவி ஆரம்பித்தாள்.

“புதுக்கடன் கெடையாதுன்னு சொன்னனா இல்லையா?”

“இது கடனில்ல, காணிக்கை.”

“கட்டுற வரைக்கும் கடன்தான். தவணைப் பணத்துல கை வைக்கக்கூடாது. தசமபாகத்துலயும் வைக்கக்கூடாது. ஆறாயிரத்தையும் நீங்க புதுசாச் சம்பாதிக்கணும்.”

“இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான்?”

“உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேல, ஃபாரத்துல குத்தம் கண்டுபிடிக்கிறது. அதைச் செய்யுங்க.”

பின்னால் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். ஆனால் அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பனியன் கம்பெனிகளில் வேலையை விட்டவர்களின் பி.எஃப். பணம், பெயரில் ஒரு இனிஷியல் மாறியதற்கெல்லாம் வராமல் கிடக்கும். மகன் தன் கம்பெனியில் சொல்லி வைத்தான். முதலில் வந்தவர் மங்கலத்துக்காரப் பெண்.

“மூணு தடவ ரிஜெக்ட் ஆயிப்போச்சுங்க சார். எம்பட பணம் எனக்கு வருமுங்களா?”

அவர் காகிதங்களைப் பார்த்தேன். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, கம்பெனிப் பதிவில் இன்னொன்று. திருத்த விண்ணப்பம் எழுதி, கம்பெனியில் கையெழுத்து வாங்க வைத்து அனுப்பினேன். பணம் வந்தது. வந்தால் இருநூறு, வராவிட்டால் ஒன்றுமில்லை என்பது என் கட்டணம். டிசம்பர் முதல் வாரத்தில் பூசணிக்காய்க்குப் பணம் கட்டினேன். ஆட்கள் வருவது அதோடு நிற்கவில்லை. அந்த இருநூறுகளும் அசலுக்குப் போயின. ஏழு வருடக் கடன் நான்காம் வருடம் முடியுமுன் அடைந்தது.

பத்திரம் மட்டும் வரவில்லை.

“சென்ட்ரல் ஸ்டோர்ல இருக்குதுங்க சார். கேட்டு எழுதியிருக்கறமுங்க” என்றார் மேலாளர். முப்பது நாள் போனது. அறுபதும் போனது. கடன் தீர்ந்ததற்கு நன்றியாகச் சபையில் சாட்சி சொல்லும்படி ஆயர் கேட்டபோது மனைவி மறுத்துவிட்டாள். “பத்திரம் கைக்கு வரட்டும் ஐயா. பாதி விடுதலைக்கு யாராவது எழும்பி நின்னு சாட்சி சொல்லுவாகளா?”

இதற்கிடையில் அதே வங்கியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, எங்கள் நன்னடத்தைக்காக இருபது லட்சம் தயாராக இருப்பதாகச் சொன்னாள். மகன் பக்கத்தில் இருந்தான்.

“அப்பா, பத்திரம் அவங்ககிட்டதான இருக்கு. ஒரு கையெழுத்துதான். இப்ப ஆர்டர் நல்லா வருது. பழைய ஷெட்டே காலியா இருக்கு, ஈஸ்டர் கழிச்சு அட்வான்ஸ் கேக்குறாங்க. எட்டு மெஷின் போதும்ப்பா.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. தொழில் தெரிந்தவன்; ஏமாந்ததும் அவன் குற்றமல்ல. எனக்கு அவனைப் பார்த்துப் பயமில்லை. எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் என்னைப் பார்த்துத்தான் பயம். பத்திரம் அங்கே கிடக்கும்வரை எங்கள் வீட்டின் ஒரு கால் வங்கிக்குள் இருந்தது.

“பத்திரம் வீட்டுக்கு வரட்டும். அதுக்கப்புறம் கேளு” என்றேன். வந்துவிட்டால் அவன் அம்மாவின் பீரோவைத் திறக்க யாராலும் ஆகாது என்பது அவனுக்கும் தெரியும். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நான் எழுதினேன். கிளைக்கு, மண்டல அலுவலகத்துக்கு, குறைதீர்ப்பு அதிகாரிக்கு, கடைசியில் அவர்களுக்கெல்லாம் மேலே இருப்பவருக்கு. எல்லாம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். ஒவ்வொன்றிலும் தாமதமான நாட்களை ஐயாயிரத்தால் பெருக்கி, தொகையை எழுத்திலும் எண்ணிலும் குறிப்பிட்டேன். ஒப்புகை அட்டைகள் ஒழுங்காகத் திரும்பின. வேறெதுவும் வரவில்லை. ஐந்தாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது தபால்காரர் மணியடித்தார்.

பத்திரம் கிளைக்கு வந்து சேர்ந்துவிட்டது, அடையாளச் சான்றுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று வங்கியின் கடிதத்தில் இருந்தது. இழப்பீடு பரிசீலனையில் இருக்கிறதாம். நான் வாசித்ததை மனைவி கேட்டுவிட்டு உள்ளே போய் பீரோச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். கடிதத்தை மகனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். ஷெட்டைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

“நாளைக்கு லீவு போட்டுர்றேன்ப்பா. நானும் வரேன்” என்றான்.

கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி ஒரு மாதத்துக்கு முந்தையது. எங்கள் கைக்கு அது வந்து சேர்ந்தது, குருத்தோலை ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. ஈஸ்டருக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.