சிலைகளுக்கு லைட் எரியாது

மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. மாலை ஏழே முக்கால். ஜார்ஜ் டவுனில், எங்கள் மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பாடகர் குழு ஒத்திகை. ஒரு பாட்டின் உச்ச வரியை இருபது பேரும் இழுத்துப் பிடித்து நிற்கிறோம்... பட்! மொத்த மண்டபமும் இருட்டு.

பாட்டு அறுந்தது. யாரோ சிரித்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து லூர்து அண்ணனின் குரல் வந்தது. மண்டபக் குழுத் தலைவர் அவர்தான்.

"நான் அப்பவே சொன்னேன் லா! இந்தச் சென்சார் கதையெல்லாம் நமக்கு வேணாம்னு!"

நான் நாலு அடி முன்னால் ஓடி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். லைட் வந்தது. என் மானம் போனது. ஏனென்றால், ஆள் நுழைந்தால் தானாக எரிந்து, ஆள் போனால் தானாக அணையும் அந்தச் சென்சாரைச் சீலிங்கில் மாட்டச் சொல்லி மூன்று மாதம் சண்டை போட்டவள் நான்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்கிறீர்களா? ரோசலின் அக்காவுக்காக.

எங்கள் பாடகர் குழுவின் தலைவி அவர். கீபோர்டு வாசித்துக்கொண்டே எங்களை மேய்ப்பவர். பத்து வருஷத்துக்கு முன், பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு விபத்து. அன்றிலிருந்து வீல்சேர். வாய்க்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

காலால் மிதிக்கத் தேவையில்லாதபடி மாற்றி அமைத்த காடியை அவரே ஓட்டிக்கொண்டு, ஒத்திகைக்கு முதல் ஆளாக வருவார். மண்டபச் சாவி அவரிடம்தான். வாசலில் வீல்சேர் ஏற மரச் சரிவும் போட்டுக் கொடுத்திருந்தோம். ஆனால் லைட் சுவிட்ச் எங்கே இருக்கிறது? மேடைக்குப் பின்னால், நாலு படி ஏறி! உள்ளே கும்மிருட்டு; அதனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே அஞ்சடித் தாழ்வாரத்தில், தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். படி ஏறத் தெரிந்த யாராவது ஒருவர் வரும்வரை.

"சாவி என்கிட்ட, வெளிச்சம் உங்ககிட்ட" என்று சிரிப்பார். நாங்களும் சிரித்து வைப்போம்.

ஒருநாள் நல்ல மழை. நான் அரை மணி லேட். எனக்கு முன்னால் ஒருவரும் வரவில்லை. பாட்டு ஃபைல்களை மடியில் வைத்து, சாரலில் நனையாமல் இருக்க அவற்றின் மேல் குனிந்தபடி அக்கா அஞ்சடியில் இருந்தார். அன்றைக்குச் சிரிப்பில்லை.

"காத்துக்கிட்டு இருக்கிறதுக்குன்னே பொறந்தவளா நான், ஸ்டெல்லா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

வாசல் பக்கம் ஒரு சுவிட்ச் வைத்தால் தீர்ந்ததே என்பீர்கள். ஜார்ஜ் டவுனில் பழைய பாரம்பரியக் கட்டடத்தைக் கட்டி மேய்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்! அந்தச் சுவரைத் தோண்டுவதற்குள் எத்தனை கடிதம், எத்தனை கையெழுத்து! ஆனால் சீலிங்? அது பிற்காலத்தில் அடித்த பலகை. அதை யாரும் பாரம்பரியம் என்று கும்பிடவில்லை. ஆக, வழி தலைக்கு மேலேதான் இருந்தது.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வயர்மேன் குமார் பாலம் தாண்டி வந்தார். ஒரே காலையில் இரண்டு சென்சார். வாசலுக்கு மேலே ஒன்று, மண்டபத்தின் நட்டநடுவே ஒன்று. கவிழ்த்து வைத்த இட்லி மாதிரி வெள்ளையாக இருந்தன. அந்த வியாழன் ரோசலின் அக்கா தனியாக உள்ளே போனார். லைட் தானாக எரிந்தது. மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாராம்.

அப்புறம்தான் அந்த இருட்டு. அன்று மாலை மட்டும் மூன்று முறை!

காரணம் என்ன தெரியுமா? எங்கள் ஒழுக்கம்! ஐந்து நிமிஷம் அசைவு தெரியாவிட்டால், மண்டபத்தில் ஆளில்லை என்று சென்சார் முடிவு கட்டிவிடும். நாங்களோ அசையாமல் பாடுவதற்குப் பேர் போனவர்கள். "ஆடாதீங்க! இது பாட்டு, ஜோகெட் டான்ஸ் இல்ல!" என்று வருஷக்கணக்காக எங்களைத் திட்டித் திட்டிச் சிலையாக்கியது யார்? சாட்சாத் ரோசலின் அக்காதான்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் லூர்து அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "வர்ற வியாழன் வரைக்கும் பார்ப்போம், தங்கச்சி. சரியா வரலன்னா கழட்டிடுவோம். பழையபடி மேடை சுவிட்சு."

அக்கா என் கையைத் தட்டினார். "விடு ஸ்டெல்லா. எனக்குப் பழகிப்போச்சு."

அந்தப் 'பழகிப்போச்சு'தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழகக் கூடாததற்கெல்லாம் மனுஷி ஏன் பழக வேண்டும்?

குமாருக்கு போன் போட்டேன். "டைமை முப்பது நிமிசத்துக்குத் திருப்பி விட்டா முடிஞ்சுச்சு அக்கா" என்றார். முடியாது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் வெற்று மண்டபத்தில் அரை மணி லைட் எரிந்தால் லூர்து அண்ணன் சும்மா இருப்பாரா?

நான் பாயான் பாரு பக்கம் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் டெஸ்டிங் லைனில் நின்றவள். கோளாறு எங்கே என்று தெரியாமல் திருகாணியைத் தொட மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலை குமாரை வரவழைத்தேன். அவர் ஏணியில் ஏறி, பத்தே விநாடியில் அணைகிற மாதிரி டைமைக் குறைத்து வைத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மாஸ்கிங் டேப் உருளையோடு நான் தரையில். ஒவ்வோர் இடமாக உட்கார்ந்து விரலை மட்டும் ஆட்டுவேன். லைட் அணையாமல் இருந்தால் தரையில் டேப். அணைந்தால் நாற்காலியை நகர்த்துவேன். ரோசலின் அக்கா வாசலுக்கு வெளியே இருந்து, "பைத்தியம் முத்திப்போச்சு" என்று ஏணியிலிருந்து இறங்கி வந்த குமாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் தரையில் ஒரு வட்டம் தெரிந்தது. ஆள் நடந்தால் மண்டபத்தில் எங்கிருந்தாலும் நடு சென்சாருக்குத் தெரிகிறது. ஆனால் சின்னச் சின்ன அசைவு? நேர் கீழே அந்த வட்டத்துக்குள் மட்டும்தான்! நாங்கள் நிற்கும் இடம் அதற்கு ஐந்தடி வெளியே. அக்காவின் கீபோர்டும் வெளியே.

நட்டநடுவில் இருந்தால்தான் அழகு என்று இடம் குறித்துக் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? லூர்து அண்ணன்!

சரி, எங்கள் கூட்டத்தில் ஓயாமல் அசைவது எது? நாங்களா? இல்லை. அக்காவின் பத்து விரல்கள். பாட்டு ஸ்டாண்டு நடுவில் இருப்பதால் பக்கவாட்டிலிருந்து அவை தெரியாது. மேலேயிருந்து பார்த்தால்?

"தம்பி, அந்த நடுவுல இருக்கிறதைக் கழட்டி இங்க மாட்டுங்க. நேரா அக்காவோட கீபோர்டுக்கு மேல."

"ஓரமா இருக்குமே அக்கா... பார்க்க நல்லா இருக்காது."

"லைட் எரிஞ்சா நல்லாத்தான் இருக்கும். மாட்டுங்க!"

வியாழன் வந்தது. டைமை வேண்டுமென்றே பத்து விநாடியிலேயே விட்டுவைத்தோம். லூர்து அண்ணன் கையில் கடிகாரத்தோடு எதிரே நின்றார்.

"பாடுங்க. ஒருத்தரும் அசையக் கூடாது."

அசைவதா? நாங்களா? ரோசலின் அக்கா வாசிக்க, உதட்டைத் தவிர வேறெதையும் அசைக்காமல் பாடினோம். பத்து விநாடி... ஒரு நிமிஷம்... மூன்று... என் மூக்கு நுனியில் அப்படி ஓர் அரிப்பு. சொறியவில்லை. ஆறு நிமிஷம்! லைட் கண் சிமிட்டவில்லை.

"கைய எடு, ரோசலின்" என்றார் அண்ணன், விடாக்கண்டன்.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் மூச்சு விடவும் பயந்து நின்றோம். எட்டு... ஒன்பது... பத்து. இருட்டு.

அந்த இருட்டில் அக்கா இரண்டு கையையும் தூக்கி, கீபோர்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார் பாருங்கள்... பளீரென்று லைட்! இருபது பேரும் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர். துடைக்கத் தோன்றவில்லை.

"பாத்துக்குங்க லா" என்றார் அக்கா. "இனிமே இந்த மண்டபத்துக்கு சுவிட்சு நான்தான்!"

லூர்து அண்ணன் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "ம்... பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிசு! அங்கேயே காத்திருந்த குமார் ஏணியில் ஏறி, டைமைப் பத்து நிமிஷத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினார்.

இந்த வாரம் நான் லேட். வழியெல்லாம் ஜாம். மண்டபத்தை அடையும்போது ஏழே முக்கால். ஜன்னலெல்லாம் வெளிச்சம், உள்ளே பாட்டு. கதவு மட்டும் சாத்தியிருந்தது. அதில் அக்காவின் கையெழுத்தில் ஒரு தாள்: 'ஏழரைக்கு மேல் வருபவர்கள் முதல் பாட்டு முடியும் வரை வெளியே இருக்கவும்.'

அஞ்சடியில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். லூர்து அண்ணன்.

"எல்லாம் உன்னால தான் லா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே லைட் எரிகிறது, வெளியே லூர்து அண்ணன் காத்திருக்கிறார்... இதைவிட நல்ல செட்டிங் எந்தச் சென்சாரிலும் கிடையாது!