தொப்பி வைத்த எழுத்துகள்

ஆபீஸில் அவளுக்குப் பெட்டகம் என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் சரியாகத்தான் வைத்தார். தையல் மெஷின் உதிரிபாகங்களை வாங்கி விற்கும் அந்தக் கம்பெனியின் டேட்டாபேஸ் முழுக்க அவள் பொறுப்பு. எந்தச் சரக்கு எங்கே கிடக்கிறது, யாருக்கு எது போனது, எல்லாம் அவள் பார்த்துக்கொள்ளும் சர்வருக்குள் இருந்தது. அவளிடம் கொடுத்தது தொலைந்ததாகச் சரித்திரமே இல்லை. அந்தப் பெயர் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் பிடிக்காதது போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவள் தன் வாயாலேயே வினையைத் தேடிக்கொண்டாள். அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, சொந்த ஆர்வத்தில் சீன மொழி படித்தவள். வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். "படிச்சிட்டுச் சும்மாதானே இருக்கா, உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லேன்" என்று மாமியார் நச்சரித்ததில், பெட்டகமே மேனேஜரிடம் பேசினாள். கம்பெனிக்குச் சரக்கு வருவதெல்லாம் சீனாவிலிருந்து. பழுதான பாகங்களைத் திருப்பி அனுப்ப அங்குள்ள பட்டறைகளின் முகவரிகள் சீன எழுத்திலேயே வேண்டும். அவற்றை டேட்டாபேஸில் ஏற்றும் வேலையைச் சின்னவளுக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு.

முதல் நாளே சின்னவள் போனை எடுத்துச் சீனத்தில் சரளமாகப் பேச, மொத்த ஆபீஸும் தலையைத் தூக்கிப் பார்த்தது. பெட்டகத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அவள் மாங்கு மாங்கென்று உழைத்ததற்கு யாராவது தலையைத் தூக்கினார்களா? சர்வர் ஓடினால் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது, நின்றால்தான் தெரியும். வீட்டில் இன்னும் மோசம். வருகிறவர் போகிறவர் முன்னால் மாமியார், "சின்னவளே, சீனத்துல ஏதாவது பேசிக் காட்டேன்" என்பார். அவள் நெளிந்துகொண்டே இரண்டு வரி சொல்வாள். உட்கார்ந்திருப்பவர்கள் "அடேயப்பா!" என்பார்கள். பெரியவளான இவளை டேட்டாபேஸில் ஏதாவது செய்து காட்டச் சொன்னவர் இதுவரை பிறக்கவில்லை. அடுப்படியில் நின்று அந்த அடேயப்பாவைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

"உனக்கு என்ன குறைச்சல்?" என்று கணவன் கேட்டான்.

"குறைச்சலா? எனக்கா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

சின்னவள் முகவரிகளை ஏற்றி முடித்திருந்த சமயத்தில் பழைய சர்வர் திணற ஆரம்பிக்க, பெட்டகம் டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு மாற்றினாள். அடுத்த வாரம் சின்னவள் முதல்முறையாக முகவரி லேபிள்களை அச்சடித்தாள். ஒரு சீன எழுத்துகூட இல்லை. தலையில் தொப்பியும் காலில் வாலும் வைத்த ஆங்கில எழுத்துகள் கோமாளிக் கூட்டம் மாதிரி வரிசைகட்டி நின்றன.

பெட்டகம் போய்ப் பார்த்தாள். பார்த்ததுமே விளங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. பழைய சர்வரில் எழுத்து உள்ளே போகும் வழியும், தங்கும் இடமும், வெளியே வரும் வழியும் ஐரோப்பிய எழுத்துக்கான அட்டவணையில் இருந்தன. அதனால் ஒவ்வொரு சீன எழுத்தும் துண்டு துண்டாக உள்ளே போய், அதே துண்டுகளாகத் திரும்பி வந்து, திரையில் ஒட்டிக்கொண்டது. புதிய சர்வரில் பெட்டகம் வழியை மட்டும் எல்லா மொழிக்குமான அட்டவணைக்கு மாற்றினாள். தங்கும் இடத்தை மாற்ற மறந்துவிட்டாள். இப்போது துண்டுகள் ஒட்டாமல் ஆளுக்கொரு தொப்பியோடு வெளியே வந்தன. சரக்கு உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. அவள் நினைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற வேலை.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். "என்னம்மா இது? எப்படி டைப் பண்ணின?"

"ஸ்கிரீன்ல நல்லாத்தான் சார் தெரிஞ்சுது" என்றாள் சின்னவள்.

அவர் பெட்டகத்தைப் பார்த்தார். உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்தது. கூடவே அந்த அடேயப்பாவும் காதில் ஒலித்தது.

"டைப் பண்ற விதத்துலயும் இப்படி ஆகுறது உண்டு சார்" என்றாள்.

கொஞ்ச நாள் தவிக்கட்டும், அப்புறம் நாமே சரிசெய்து காட்டுவோம், அப்போது யாருக்கு அடேயப்பா என்று பார்ப்போம். அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

சின்னவள் தவித்துக்கொண்டு சும்மா உட்காரவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் திரும்ப அடிச்சிடறேன் சார்" என்றாள். ஆபீஸ் சாவி பெட்டகத்திடம் இருந்ததால் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். சின்னவள் ஒவ்வொரு தொப்பி வரியின் மேலும் புதிதாக அடித்து, சேமித்து, அடுத்ததற்குப் போனாள். பெட்டகம் டீ போட்டு, சர்க்கரை குறைவாக, அவளுக்குப் பிடித்த பக்குவத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னால உங்களுக்கும் லீவு போச்சுக்கா" என்றாள் சின்னவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"பரவாயில்ல, குடி" என்றாள் பெட்டகம். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது மனசு குளுகுளு என்றிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் திறந்து பார்த்தார். சின்னவள் அடித்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். பெட்டகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது எழுத்து முழுசாக உள்ளே போகிறது, தங்கும் இடத்துக்கோ அதை வைத்துக்கொள்ளத் தெரியாது. தூக்கி எறிந்துவிட்டுக் கேள்விக்குறியைப் போட்டுக்கொள்ளும். தொப்பி இருந்தவரை உள்ளே சரக்கு இருந்தது. கேள்விக்குறிக்குள் ஒன்றுமில்லை. சின்னவள் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தன் உழைப்பைத் தானே அழித்திருக்கிறாள். பக்கத்தில் டீ வேறு.

"மீட்க முடியுமா?" என்றார் மேனேஜர்.

மாற்றுவதற்கு முன் எடுத்து வைத்த பழைய நகல் இருந்தது. "முடியும் சார்."

"அதான் பெட்டகம்! நீங்க மீட்டுடுங்க. அவங்களை இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். சொந்தம்னு தயங்காதீங்க."

பொய் சொல்வானேன், ஒரு நொடி அவளுக்கு இனித்தது. கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள் வீங்கிய கண்ணோடு மறுபடியும் முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்திருந்தாள். மேனேஜரோ டேட்டாபேஸைப் பற்றி அட்சரம் தெரியாமல், டைப் செய்ததால் வந்த கோளாறு என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் டேட்டாபேஸில், அவள் கண்ணெதிரே, ஒரு தப்பான காரணம் நிலைக்கப் போகிறது. இதில் எது அவளை உலுக்கியது என்று அவளுக்கே தெரியாது.

"தப்பு அவளுது இல்ல சார், என்னுது. சர்வர் மாத்தினப்போ நான்தான் விட்டுட்டேன்."

"எப்போ தெரிஞ்சுது?"

"லேபிள் அடிச்ச அன்னைக்கே சார்."

சாயங்காலத்துக்குள் எழுத்துகள் எல்லாம் திரும்பி வந்தன. சின்னவளுக்கு வேலை நிரந்தரம் ஆனது. பெட்டகத்துக்கு வேலை மிஞ்சியது, பெயர்தான் போனது. அதற்கப்புறம் ஆபீஸில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. வீட்டில் மாமியார் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு நடந்தும் ஒரு வார்த்தை பேசலியே சின்னவ, என்ன பொறுமை பாரு!" என்றார். உண்மையைச் சொன்னது இவள், பேர் அவளுக்கு. பெரியவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

பாத்திரம் கழுவும்போது இருவரும் தனியாக இருந்தார்கள்.

"கேக்கணும்னா கேட்டுடு" என்றாள் பெரியவள்.

"ஏன்க்கா?"

"பொறாமை. வேற என்ன?"

சின்னவள் தட்டைத் துடைத்து அடுக்கினாள். "பொறாமை புரியுதுக்கா. பழியை எம்மேல போட்டதைக்கூட விட்டுடறேன். ஞாயித்துக்கிழமை டீ கொண்டு வந்து வெச்சீங்களே, அதுதான் மனசுல நிக்குது."

மறுநாள் ஆபீஸில் பெரியவள் இரண்டு டீ போட்டு எடுத்து வந்தாள்.

"வேணாம்க்கா, இப்பதான் குடிச்சேன்" என்றாள் சின்னவள்.

அவள் மேஜையில் டம்ளர் எதுவும் இல்லை.