ஹெல்மெட்டுக்குள் ஒரு பேச்சு

மழைக்குத் திருநகர் பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கியபோதுதான் அவரைப் பார்த்தேன். என் ஹெல்மெட் கண்ணாடி, அதற்குள் என் மூக்குக்கண்ணாடி, இரண்டிலும் ஆவி. இட்லிச் சட்டிக்குள் தலையை விட்டவன் மாதிரி நின்றேன்.

நரைத்த மீசை, நனைந்த அரைக்கைச் சட்டை. "கொண்டாங்கண்ணே" என்று ஹெல்மெட்டை வாங்கினார். பையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்து, கண்ணாடியின் உள்பக்கம் லேசாகத் தடவி, தெளியும்வரை உலர்ந்த துணியால் துடைத்தார்.

"இனி ஆவி படியாது. இருந்தாலும் பேசாம ஓட்டுங்க."

"என் பேச்ச வீட்டுலயே யாரும் கேக்குறதில்லண்ணே, ரோட்டுலயா பேசப்போறேன்?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரி பின்னாடி உக்காந்தா வாய் ஓயமாட்டா. நானும் ஹெல்மெட்டுக்குள்ள கத்திக் கத்திப் பதில் சொல்லுவேன். ஒரு மழையில அம்புட்டும் ஆவியாப் படிஞ்சு, முன்னாடி நின்ன டிராக்டர் தெரியல. எனக்குக் கை ஒடிஞ்சுச்சு. அவ போயிட்டா."

"இந்த சோப்பு விஷயம்?"

"பெறகுதான் தெரிஞ்சுச்சு. வாரேண்ணே."

தன் ஹெல்மெட்டுக்கும் தடவித் துடைத்துவிட்டு, மழை விடுமுன்பே கிளம்பினார். வண்டியைத் திருப்பி என்னைக் கடந்தபோது பார்த்தேன். பின்சீட்டில் ஆளில்லை. கண்ணாடிக்குள் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கண்ணாடி அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் தெரிந்தது.