மொஸ்கோ என்று சொல்லிவைத்த ஊர்

நான் கனடாவுக்கு வந்த வழியில் மூன்று மாதம் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தேன். அது எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதம் சாப்பிட்டுத் தூங்கிய ஊரின் பெயர் தெரியாத மனிதன் இருப்பானா என்று என் மகளே ஒருமுறை பிரெஞ்சில் கேட்டுச் சிரித்தாள். இருக்கிறான். காசு வாங்கிக்கொண்டு எங்களைக் கள்ளமாக அனுப்பிய ஏஜென்சிக்காரரின் முறை அப்படி. வழியில் எங்கே தங்கவைத்தாலும் அவர் ஒரே பெயரைத்தான் சொல்வார். "ஆர் கேட்டாலும் மொஸ்கோ எண்டு சொல்லுங்கோ. மிச்சக் கதை வேண்டாம்." நாங்களும் சொன்னோம். வீட்டுக்குப் போட்ட கடிதத்தில் மொஸ்கோ. பிறகு மொன்ட்ரியாலில் அகதி வழக்கு விசாரணையிலும் மொஸ்கோ. சொல்லிச் சொல்லி எனக்கே அது மொஸ்கோவாகிவிட்டது. மொஸ்கோவில் ஏன் அப்படி வேர்த்துக் கொட்டியது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. என் மூளை அவ்வளவுதான்.

அந்த வீட்டில் நாங்கள் ஏழு பேர். என் பக்கத்தில் படுத்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். மூன்றாம் மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது, இறங்கவே இல்லை. ஏஜென்சிக்காரர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். "ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு வாறன்" என்றார். நாலு நாள் கழித்து மிச்சம் ஆறு பேரையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அண்ணை அடுத்த குழுவோடு வருவார் என்றார்கள். வரவில்லை. ஏஜென்சிக்காரரின் தொலைபேசியும் கொஞ்ச நாளில் செத்துப்போனது.

சில வருடம் கழித்து அண்ணையின் மனைவி, தன் தம்பி ஸ்பொன்சர் செய்து, மொன்ட்ரியால்-நோர் பகுதிக்கு வந்து சேர்ந்தார். என்னைத் தேடிப் பிடித்தார். கோயிலில் கண்டாலும் கல்யாண வீட்டில் கண்டாலும் ஒரே கேள்வி. "தம்பி, அது மொஸ்கோவிலை எவடம்?" "இடம் தெரியாது அக்கா, மொஸ்கோதான்" என்பேன். ரஷ்ய மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து மொஸ்கோ ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அவர் கடிதம் எழுதுவித்தார் என்று கேள்விப்பட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நெற்றியில் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது நான் மொன்ட்ரியாலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் அயர்ன் பண்ணும் வேலையில் இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, பொத்தான் சரிபார்க்கும் மேசைக்கு ஒரு பெண்மணி புதிதாக வந்தார். ஐம்பது வயதிருக்கும், முன்பல் இரண்டு தங்கம். உஸ்பெகிஸ்தானில் கிவா என்ற பாலைவன நகரத்தில் இருபது வருடம் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவராம். ஊரை விட்டு வந்தாலும் தொழில் அவரை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மைக்ரோவேவுக்கு வரிசையில் நிற்கும் எங்களைச் சுற்றுலாப் பயணிகளாக நினைத்து, பாதி பிரெஞ்சும் மீதி கையுமாகத் தொடங்கிவிடுவார். வேதக் கதையில் பெருவெள்ளத்துக்குக் கப்பல் கட்டியவரின் மகன் அந்த மணலில் கிணறு தோண்டினான், தண்ணீர் இனித்தது, அப்படித்தான் ஊர் உண்டானது. ஊரைச் சுற்றி மண் மதில். கிழக்கு வாசலில் ஒரு காலத்தில் மனிதர்களை விற்றார்கள், பிடித்து வந்த பாரசீகர்களையும் ரஷ்யர்களையும். பள்ளிவாசல் ஒன்றுக்குள் இருநூறுக்கு மேல் மரத்தூண்கள், ஒன்றின் செதுக்கல் இன்னொன்றில் இல்லை. எனக்கோ பசி. தூண் எண்ணவா வந்தேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு புட்டைச் சூடாக்குவேன்.

ஒருநாள் கட்டைக் கோபுரத்தின் கதைக்கு வந்தார். உலகத்திலேயே உயரமான கோபுரம் கட்டி, அதன் உச்சியிலிருந்து தூரத்துப் புகாரா நகரம் வரைக்கும் பார்க்கிறேன் என்று ஓர் அரசன் தொடங்கினானாம். பாதியில் அவன் செத்துப்போக, கோபுரம் அடி பருத்து, உயரம் இல்லாமல், நீலமும் பச்சையுமாக ஓடு பதித்தபடி நின்றுவிட்டது. அதன் பருமனைக் கைகளை விரித்துக் காட்டினார். புட்டுப் பெட்டியைக் கீழே வைத்தேன். அந்த வீட்டின் யன்னலில் ஒரு தடித்த துணி தொங்கியது. துணியில் ஓர் ஓட்டை. அதன் வழியாக மூன்று மாதம் நான் பார்த்தது, தலை வெட்டிய பனை மாதிரி ஒரு நீலக் கோபுரத்தைத்தான்.

அவரிடம் மொஸ்கோவையும் அண்ணையையும் அண்ணையின் மனைவியையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த நாள் பெரிய படப்புத்தகம் ஒன்றோடு வந்தார். அதன்பிறகு இரண்டு கிழமை எங்கள் சாப்பாட்டு நேரம் விசாரணை நேரமானது.

"ஆண்கள் என்ன தொப்பி போட்டிருந்தார்கள்?" என்று கேட்டார்.

"ஆட்டுரோமத் தொப்பி. பெரியது. அந்த வெயிலிலும் போட்டிருந்தார்கள்."

"கிவா!" என்று மேசையில் தட்டினார்.

"காலையில் ரயில் கூவும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "கிவாவில் ரயில் இல்லை. ஸ்டேஷன் பக்கத்து நகரத்தில். பஸ் எடுத்துத்தான் போகவேண்டும்."

"எங்களை இறக்கிய இடத்தில் ஒரு குளம். கரையில் பெரிய மரங்கள்."

"அது புகாரா" என்று எரிச்சலோடு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

பார்த்தால் அந்தக் குளமும் நான் கண்ட குளம்தான். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன். மரத்தூணில் சாய்ந்து தேநீர் குடித்ததும் நினைவுக்கு வந்தது. ஆனால் அடைத்து வைத்திருந்தவனை யார் தூணில் சாய்ந்து தேநீர் குடிக்க விட்டார்கள்? நான் கண்டதா, படத்தில் பார்த்ததா, இந்த அம்மா சொல்லிக் கேட்டதா என்று பிரிக்க முடியாமல் தலை சுற்றியது. அயர்ன் பண்ணும்போது இரண்டு சட்டையின் கொலரைக் கருக்கினேன்.

கடைசியில் அவர் இன்னொரு குண்டைப் போட்டார். "நீ சொல்லும் வருடம் நான் தினமும் அந்தக் கோபுரத்தடியில் நின்றவள். மதிலுக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஏழு வெளிநாட்டுக்காரர்களை ஒரு வீட்டில் ஒளித்து வைத்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?"

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவருக்கு என்ன விளங்கியதோ, எனக்குத் தேநீர் ஊற்றினார். "தெரியாமலும் போயிருக்கலாம். அந்த வருடங்களில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அவரவர் கஷ்டம்" என்றார். புத்தகத்தை ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டு."

"காட்டி என்ன சொல்வது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சனிக்கிழமை மொன்ட்ரியால்-நோருக்கு பஸ் ஏறினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த மனுஷி இத்தனை வருடம் கடிதம் போட்டது என் வாயிலிருந்து வந்த பொய்க்கு. இப்போது உண்மை என்று எதைக் கொண்டுபோகிறேன்? பாதி கிவா, பாதி புகாரா, இல்லாத ரயில். பஸ்ஸில் புத்தகத்தைப் புரட்டினேன். அதுவரை கடைசிப் பக்கம் வரைக்கும் போனதில்லை. அங்கே அதே நீலக் கோபுரம், அதே மண் மதில், எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பனி. பாலைவனத்தில் பனி கொட்டுமா? அந்த அம்மா இதைச் சொல்லவே இல்லையே என்று இன்னும் குழம்பினேன்.

அக்கா சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, அது மொஸ்கோ இல்லை" என்றேன். ஏஜென்சிக்காரர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தொப்பியை, கோபுரத்தை, ரயிலை, குளத்தை, எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். திட்டவில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உந்த மதில் மண்ணோ?"

"ஓம் அக்கா, மண்தான்."

"நல்ல வெயில் போலை கிடக்கு."

"வேர்த்துக் கொட்டும். எங்களுக்குச் சட்டை போடேலாமல் இருந்தது."

"பனி கொட்டாதோ?"

கடைசிப் பக்கத்துக்கு இன்னும் இரண்டு தாள்தான் இருந்தது. நான் புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்தேன். "இல்லை அக்கா" என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, "இனி உந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போட்டுப் பாப்பம். தேடலாம்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"தேடுறதுக்குக் கேக்கேல்லைத் தம்பி. நான் தேடி முடிச்சு எவ்வளவு காலம்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மொஸ்கோ எண்டு நீங்கள் சொன்ன நாள் தொட்டு, இங்கை பனி கொட்டேக்கை எல்லாம், அந்த மனுசன் இதுக்குள்ளைதானே கிடக்குது எண்டு நினைப்பன். மார்கழிக் குளிருக்கே ரெண்டு போர்வை கேக்கிற ஆள்."

மூடிய புத்தகத்தை அக்கா விரலால் காட்டினார்.

"இதுதானே இடம்? வடிவாச் சொல்லுங்கோ."

"ஓம் அக்கா, இதுதான்" என்றேன், புத்தகத்தின் மேலிருந்த கையை எடுக்காமல்.