சகியுசாவின் மூன்றாவது கீபோர்டு

கண்ணை மூடிக்கொள்வான். காதைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு விசையைத் தட்டுவான். கொஞ்சம் யோசிப்பான். அதையே இன்னொரு தட்டு தட்டுவான். சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு நேரம் தட்டிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் தீவின் தலைநகர் சுவாவில், கமிங் தெருவில், கிரித்பாயின் கம்ப்யூட்டர் கடைக்கு மத்தியானத்தில் போனால் சகியுசாவை இந்தக் கோலத்தில் பார்க்கலாம். வேட்டிபோலச் சுலு கட்டிய ஆறடி உருவம் கண்ணாடிப் பெட்டிமேல் கவிழ்ந்து கிடக்கும். பின்னால் சார்ஜர் வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

கிரித்பாய் பொறுமைசாலி. அவருக்கே ஒருநாள் பொறுக்கவில்லை.

"வாங்கப் போறியா, கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் பாய். பகலெல்லாம் கூடவே இருக்கணும், சாயங்காலமும் இருக்கணும்" என்றான் சகியுசா, கண்ணைத் திறக்காமலே.

பகலில் அவனுக்கு எனக்குப் பக்கத்து மேஜை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறவர்கள் காரைக் கொண்டுபோய் எதிலாவது மோதிவிட்டு இன்சூரன்சுக்குப் போன் செய்வார்கள். அந்தப் போன் கடல் தாண்டி எங்கள் ஆபீசுக்கு வரும். அவர்கள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் சொல்வதைச் சகியுசா கேட்கக் கேட்க அடிப்பான். வேலியில் மோதியவர், ஆட்டுமேல் மோதியவர், சொந்த மாமியாரின் கோழிக்கூட்டில் மோதிவிட்டு அது தெரியாமல் நடந்ததுதான் என்று எழுதச் சொன்னவர், எல்லோரும் அவன் விரல் வழியாகத்தான் போயாக வேண்டும். சாயங்காலம் வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் நாலு பேரோடு சேர்ந்து, எதிரணியைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ரக்பி ஆடாமல் இதை ஆடுகிறானே என்று அவன் தெருவில் இன்னும் வருத்தப்படுகிறார்கள்.

ஆகவே அவனுக்கு வேண்டியது லேசில் கிடைக்காத பொருள். ஆபீசில் சத்தம் போடக் கூடாது, ஆட்டத்தில் விரலுக்கு முந்தி ஓட வேண்டும், விலையும் அவன் மனைவி கெலேரா முகம் சுளிக்காத விலையாக இருக்க வேண்டும். முதலில் வாங்கியது நீல ஸ்விட்ச் வைத்தது. ஒவ்வொரு விசைக்கும் ஒரு 'டக்'. போனில் பேசிய பிரிஸ்பேன் அம்மாள் ஒருத்தி, "அங்கே மழையா?" என்று கேட்டாள். ஆமாம், கொட்டுகிறது என்றான் சகியுசா. சுவாவில் பாதி நாள் அது பொய்யாகவும் இருக்காது. மேனேஜர்தான் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துவிட்டு இவனையும் பார்த்தார்.

அந்தக் கீபோர்டு இப்போது அவனிடம் இல்லை. அடுத்து வாங்கியதும் இல்லை. தொலையவில்லை, உடையவில்லை, உறவுக்காரர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். 'கெரேகெரே' என்று ஒரு வார்த்தை சொல்லி உறவுக்காரர் ஒரு பொருளைக் கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்வது இந்த ஊர் வழக்கத்திலேயே கிடையாது. ரொம்பப் புகழ்ந்தாலே கேட்ட மாதிரிதான். என் பூப்போட்ட குடை அப்படித்தான் பக்கத்து ஊரான லாமிக்குப் போனது. கிராமத்திலிருந்து வந்த பெரியப்பா, கலர் கலராக மின்னிய நீல ஸ்விட்சைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார். கூடவே கொண்டும் போனார். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. போன் சார்ஜரில் சொருகி விடிவிளக்காக வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவதைப் பாதிரியாரின் மனைவி கேட்டார், பாட்டுக்குழுவுக்குப் பாட்டு வரிகளை டைப் அடிக்க. கோயில் மண்டபத்தில் வருஷாவருஷம் இந்த விளையாட்டுக்கு ஒரு போட்டி நடக்கும். அவர் கேட்டது போன வருஷத்து இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள். சகியுசா ஏதோ ஒரு பழைய கீபோர்டோடு ஆடினான். இடது பக்கம் திருப்பும் விசை சிக்கிக்கொண்டது. திரையில் அவனுடைய வீரன் ஒரு சுவரைப் பார்த்துப் போனான், முட்டினான், முட்டிக்கொண்டே இருந்தான், எதிரி நிதானமாக நடந்து வந்து சுட்டுவிட்டுப் போகும்வரை. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் அவனுக்குப் பெயர் 'சுவர்'. கோயிலில்கூட "சுவர் வந்தாச்சா?" என்று கேட்கிறார்கள். சிரித்துக்கொள்வான். ஆனால் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, "இந்த வருஷம் அந்தப் பேரு போகணும்க்கா" என்று என்னிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறவன் தானும் கேட்டு வாங்கிச் சரிக்கட்ட வேண்டியதுதானே? அதுதான் நடக்காது. சாப்பாட்டு மேஜையில் உப்பு அந்தக் கோடியில் இருந்தால், மரவள்ளிக்கிழங்கை உப்பில்லாமலே தின்றுவிட்டு எழுந்து போவான். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"கேக்க வாய் வரலக்கா. கேட்டா குடுத்துடுவாங்களே."

கிரித்பாய் கடையில் இந்தத் தடவை அவ்வளவு நேரம் தட்டிப் பார்த்ததற்குக் காரணம் இதுதான். வேலைக்கும் ஆட்டத்துக்கும் ஏற்றதாக இருந்தால் மட்டும் போதாது, பார்க்கிறவன் ஆசைப்படாததாகவும் இருக்க வேண்டும். கடைசியில் கிரித்பாய் உள்ளேயிருந்து, விற்காமல் கிடந்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். பழைய பல் நிறம். விளக்கு கிடையாது. கொரியாவுக்குப் போக வேண்டியது தவறி இங்கே வந்ததாம், விசைகளின் மேலெல்லாம் கொரிய எழுத்து. அதனால்தான் பாதி விலை. சகியுசா கண்ணை மூடித் தட்டினான். சிவப்பு ஸ்விட்ச். வெண்ணெயில் விரல் வைத்தது போல இறங்கியது, சத்தமே இல்லை. பார்க்காமலே அடிக்கிறவனுக்கு எழுத்து எந்த மொழியில் இருந்தால் என்ன? போதாததற்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்திரியை வேறு ஒட்டிக்கொண்டான். உடைந்த மாதிரி தெரிய வேண்டுமாம்.

திட்டம் பலித்தது. வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், பாவம் என்றார்கள், போனார்கள். பெரியப்பா, வேண்டுமானால் அந்த விடிவிளக்கைத் திருப்பித் தருகிறேன் என்றாராம். ஆபீசிலும் நிம்மதி, பிரிஸ்பேனில் யாரும் மழையா என்று கேட்கவில்லை. சாயங்கால ஆட்டங்களில் அவன் அணி வரிசையாக ஜெயித்து இறுதிக்கு வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும். இறுதி ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் ஆபீஸ் பின்கட்டில் வழக்கம்போல யாங்கோனா என்கிற வேர்ப்பொடியைக் குடிக்கக் கரைத்தார்கள். நௌசோரி பஸ் ஓட்டும் வைசாக்கேயும் வந்து உட்கார்ந்தான். சகியுசாவின் அத்தை மகன். இங்கேயும் அத்தை மகன் மாமன் மகன் என்றால் மச்சான் முறைதான், மச்சான்களுக்குள் எந்தக் குறும்பு பண்ணினாலும் குற்றமில்லை. அவன்தான் எதிரணியின் பெரிய ஆட்டக்காரன். சிரட்டை நாலைந்து சுற்று சுற்றியது. நாக்கு மரத்தால் பேச்சு குறைய வேண்டும். சகியுசாவுக்கு மட்டும் கூடியது. அந்த அழுக்குக் கீபோர்டில் எப்படித்தான் ஆடுகிறாயோ என்று வைசாக்கே பாவம்போலக் கேட்டான். அதற்குச் சகியுசா, சிவப்பு ஸ்விட்சைப் பற்றி, அது இறங்கும் மென்மையைப் பற்றி, இந்தத் தீவிலேயே அதைப்போல இன்னொன்று இல்லை என்பதைப் பற்றி, முதல் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற தகப்பனாகப் பேசினான். நான் இருமினேன். காலைக்கூட மிதித்தேன்.

வைசாக்கே சிரட்டையைக் கீழே வைத்தான். முறைப்படி கேட்கிறவர்கள் செய்வதுபோலக் கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினான்.

"மச்சான், கெரேகெரே. எனக்குக் கொரியா எழுத்துன்னா சின்ன வயசுலேர்ந்து உயிரு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சகியுசாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போய் அதைக் கழற்றி வந்து, வயரைச் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தான். விஷயம் தெரிந்த கெலேரா, "இந்த வருஷமும் செவுத்துல முட்டுனா, வீட்டுக்கும் செவுத்து வழியாவே வந்து சேரு" என்று மட்டும் சொன்னாளாம்.

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஆட்டம். ஜெயிக்கிற அணிக்குக் கோப்பையும் ஒரு பெட்டி டின் மாட்டிறைச்சியும். அவரவர் கீபோர்டை அவரவரே கொண்டுவர வேண்டும். இவன் யாரிடமும் கேட்கமாட்டான் என்று தெரிந்ததால், மேனேஜரிடம் சொல்லிவிட்டு நானே ஆபீஸ் கீபோர்டு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன். எத்தனையோ வருஷத்துச் சர்க்கரைத் தேநீரைக் குடித்த கீபோர்டு அது.

மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில், இடது பக்கம் திருப்பும் அதே ஏ விசை சிக்கிக்கொண்டது. வீரன் நேராகச் சுவரிடம் போனான். மண்டபமே "சுவர், சுவர்" என்று தாளம் போட்டது. எதிர்ப்பக்கம் வைசாக்கேயின் விரல்கள் கொரிய எழுத்துகளின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடின. இரண்டாவது ஆட்டத்தை மற்ற நாலு பேர் எப்படியோ இழுத்துப் பிடித்துக் காப்பாற்றினார்கள். ஆளுக்கொன்று. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். சகியுசா குடிக்கவில்லை. சட்டை நுனியில் தண்ணீர் தொட்டு அந்த ஏ விசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போய்க் கேளு" என்றேன்.

"கேட்டா குடுத்துடுவானேக்கா."

"அதுக்குத்தானேடா கேக்கறது?"

அந்த விசையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். பிறகு எழுந்து, சுலுவைச் சரிசெய்துகொண்டு, இரண்டு வரிசை மேஜைக்கும் நடுவில் நடந்தான். வைசாக்கேயின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். என்ன ஏது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெரிய கைகளைக் குவித்துத் தட்டினான். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மச்சான்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "கெரேகெரே."

வைசாக்கே தன் அணியைப் பார்த்தான். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். முன் வரிசையில் இருந்த பெரியப்பாவைப் பார்த்தான், அவர் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. வைசாக்கே தலையைச் சொறிந்தான், அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயரை உருவி, சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினான்.

"கத்துக்கிட்டான்யா" என்றான்.

சகியுசா தன் இடத்துக்கு வந்து அதைச் சொருகினான். கண்ணை மூடி ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. கெலேரா விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். ஆட்டத்தைத் தொடங்க மணியடிப்பவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது அவன் கண்ணைத் திறந்து எதிர்ப்பக்கம் பார்த்தான். வைசாக்கே வெறும் மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மணியடிப்பவரிடம் கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டிவிட்டுச் சகியுசா எழுந்தான். ஆபீஸ் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய் மச்சானுக்கு முன்னால் வைத்தான், வயரையும் அவனே சொருகிக் கொடுத்தான். கெரேகெரே என்று யாரும் கேட்கவில்லை.

"ஏ பட்டன் கொஞ்சம் ஒட்டும் மச்சான். பாத்து அமுக்கு" என்றான். சட்டை நுனியால் அந்த விசையை இன்னொரு தடவை துடைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.